உப்பளக் கரையிலிருந்து உப்பு நகரங்களுக்கு

கீழ்புத்துப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி எல்லை முடிந்ததும் வரும் விழுப்புரம் மாவட்டத்து ஊர். தெற்கே கனகசெட்டிக்குளமும் காலாப்பட்டும் புதுச்சேரி மண்; 1954 வரை அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. வடக்கே சாலையோடு போனால் கழுவெளிச் சதுப்புநிலமும் மரக்காணத்து உப்பளங்களும். ஊருக்கு அடையாளம் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சூழ்ந்திருக்கும் கோயில்காடும். ஆடி மாதத்தில் உறவும் நட்புமாக வேன்களில் வந்து இறங்கி, பொங்கலிட்டு, மரத்தடியில் பந்தி விரித்துச் சாப்பிட்டுப் போவார்கள். கூட்டமாகப் பயணம் போவது இந்தக் கரைக்குப் பழகிய காரியம்.

ஐரோப்பாவும் இந்தக் கரைக்கு அவ்வளவு தூரமில்லை. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிசைச் சுற்றி வாழ்கிறார்கள். கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போரில் சிதறிய குடும்பங்களில் ஒரு கிளை இப்படி ஒரு முகாமிலும் இன்னொரு கிளை பாரிசிலோ சூரிச்சிலோ இருப்பது உண்டு. முகாமில் அகதியாகப் பதிவானவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் அங்கே இருக்கும் கிளைதான் இங்கே வர வேண்டும். ஐரோப்பாச் சுற்றுலாவைப் பற்றி இந்த ஊரிலிருந்து பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது.

போக முடிந்தவர்களுக்குச் சுற்றுலா நிறுவனங்கள் வைத்திருக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: பாரிசின் ஈஃபில் கோபுரம், சுவிட்சர்லாந்தின் பனிமலை, வெனிஸ், ரோம், முடிந்தால் ஆம்ஸ்டர்டாம், எல்லாம் பத்துப் பன்னிரண்டு நாளில். பாதிப் பொழுது பேருந்திலேயே போய்விடும். உப்பளக் கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இதைவிட நெருக்கமான வழி ஒன்று உண்டு. பிரான்சின் மேற்குக் கரையில் தொடங்கி, ஆஸ்திரிய மலைகளைக் கடந்து, போலந்தில் முடியும் அந்த வழி முழுக்க உப்பால் எழுந்த ஊர்கள். பாத்தி, மடை, அம்பாரம் என்ற சொற்களோடு வளர்ந்தவருக்கு அங்கே எதையும் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கரையின் உப்பு ஐரோப்பிய அரசியலில் ஏற்கெனவே புகுந்ததுதான். நெப்போலியன் காலத்துப் போர்களின் முடிவில், 1815 மார்ச்சில், இங்கிலாந்தும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்தன. புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு மட்டுமே என்றும், அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்கு என்றும் எழுதிக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பகுதியில் எடுத்த உப்பு எல்லை தாண்டி வந்து ஆங்கிலேயரின் உப்பு வரியைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

பயணத்துக்கு ஏற்ற காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பிரான்சில் உப்பு வாருவது அந்த மாதங்களில் மட்டுமே. ஷெங்கன் விசா ஒன்று போதும். இப்போது 29 நாடுகளுக்கு அது செல்லும், எந்த 180 நாட்களிலும் 90 நாள் தங்கலாம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமானால் முதலில் இறங்கும் நாட்டிடம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கைரேகைப் பதிவும் கட்டாயம். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். எட்டுப் பத்துப் பேராகப் போகிறவர்கள் ஓட்டல் அறைகளுக்குப் பதிலாகச் சமையலறை உள்ள வீடாக எடுத்துக்கொண்டால் செலவும் குறையும், பெரியவர்களுக்கு வேளைக்குச் சோறும் கிடைக்கும்.

பாரிசில் பார்க்க வேண்டியதை எல்லோரும் அறிவார்கள். இரண்டு நாள் போதும். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லா ஷப்பேல் பகுதிக்கு மட்டும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து, வாசலில் முருங்கைக்காய்க் கட்டு, உள்ளே இடியாப்ப மாவும் மாசிக் கருவாடும். 1985இல் ஏற்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் அருகிலேயே இருக்கிறது. கோடை முடியும் வேளையில் அதன் தேர் பாரிஸ் தெருவில் ஓட, வழிநெடுகத் தேங்காய் உடைப்பார்கள்.

பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து மேற்கே அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம் போனால் லா போல், அதையடுத்து லெ க்ருவாசிக். இரண்டுக்கும் இடையே, அட்லாண்டிக் கடலின் அலை ஓசை கேட்கும் தூரத்தில், சுமார் 2,000 ஹெக்டேர் பரப்பில் கெராந்தின் உப்பளங்கள். முதல் பார்வையிலேயே மரக்காணம் கண்முன் வந்துவிடும்: வரப்புகளால் கட்டம் கட்டமாகப் பிரித்த தண்ணீர், வரப்போரம் உப்புக் குவியல், தலைக்குமேல் நிழலே இல்லாத வானம். வெயில் மட்டும் வேறு. காலையில் போர்வை கேட்கும் குளிர்.

கடல் பெருகும் நாட்களில் கால்வாய் வழியே வரும் நீரை முதலில் ஒரு பெரிய தேக்கத்தில் அடைக்கிறார்கள். அங்கிருந்து பாத்தி பாத்தியாகச் சுற்றவிடுகிறார்கள். நீர் போகும் வழி வேண்டுமென்றே நீட்டி வளைக்கப்பட்டிருக்கிறது. நடக்க நடக்க வெயிலும் காற்றும் நீரைக் குடித்துவிடும், உப்பு மிஞ்சும். கடைசிப் பாத்திக்கு ஓயே என்று பெயர். ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதில் நிற்கும் நீர் ஒரு சென்டிமீட்டர் ஆழம்கூடத் தேறாது. எஞ்சினோ பம்போ இல்லை. மேடு பள்ளத்தை விரற்கடை அளவில் கணித்துக் கட்டியிருப்பதால் நீர் தானாக இறங்குகிறது. பாத்திகளில் பல, நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டியவை. அதே களிமண் தரையில்தான் இன்றும் உப்பு விளைகிறது.

உப்பு வாருபவரைப் பலூதியே என்கிறார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள கம்பு, அதன் முனையில் குறுக்குப் பலகை. வரப்பில் நின்றபடியே பலகையைத் தண்ணீரில் தள்ளி, சிற்றலையாய் எழுப்பி, உப்பை ஓரத்துக்கு ஓட்டுகிறார். பலகை தரையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் களிமண் கிளறி உப்பு அழுக்காகிவிடும். கொஞ்சம் தூக்கினால் உப்பு அடியிலேயே தங்கிவிடும். சேர்ந்த உப்பை, வரப்பிலிருந்து பாத்திக்குள் நீண்டிருக்கும் வட்டமான மண்மேடையில் ஏற்றி, நீர் வடிய ஓர் இரவு விட்டுவிடுகிறார். களிமண்ணின் சாயை ஏறிய சாம்பல் நிறக் கல்லுப்பு அது. மரக்காணத்தில் இந்த வேலையைச் செய்த ஒருவர் அங்கே பக்கத்தில் நின்றால், மொழி தெரியாமலே அரை மணி நேரம் பேசிக்கொள்ள முடியும்.

பிற்பகலில், காற்று மெல்ல வீசும் நாளில், நீரின் மேல் ஏடுபோல மெல்லிய வெண்படலம் படியும். அதைத் தட்டையான கரண்டி போன்ற கருவியால் நீர் கலங்காமல் வழித்தெடுப்பார்கள். பழைய நாளில் இது பெண்களின் வேலை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஃப்ளேர் த செல், அதாவது உப்புப் பூ. உப்பு பூத்திருக்கிறது என்று நம் ஊரிலும் சொல்கிறோம். இரண்டு கடற்கரைகளும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

மரக்காணத்தில் விடியுமுன் பாத்தியில் இறங்குகிறார்கள். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடித்துப் புண்ணாகும்; வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலால் கண் கெடும். உழைப்பில் கெராந்தைவிட எந்த வகையிலும் குறைந்ததில்லை. ஆனால் கெராந்தின் உப்பு பல மடங்கு விலைக்குப் போகிறது, அதை விளைவிப்பவர் ஊரில் மதிப்போடு வாழ்கிறார். இது தானாக வந்த நிலையும் இல்லை. 1970களில் இந்த அளங்களின் குறுக்கே சாலையும் படகுத்துறையும் போடத் திட்டமிட்டார்கள். உப்பு வாருபவர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். 1988இல் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. விலையைச் சங்கம் பேசியது, புதிதாக வருவோருக்குத் தொழில் கற்பிக்கப் பயிற்சி வந்தது. 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நடுவில், 1999 டிசம்பரில், எரிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் பிரெத்தாஞ் கரைக்கு அப்பால் உடைந்து மூழ்கியபோது, எண்ணெய் அளத்துக்குள் நுழையாமல் கால்வாய்களை அடைத்துக் காத்தார்கள். இன்று சுமார் 300 பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கோடையில் பார்வையாளர்களை அளத்துக்குள் அழைத்துப் போய்ச் சொல்லிக்கொடுப்பவர்களும் அவர்களே. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வண்டியை நிறுத்தி உப்புக் குவியலைப் படமெடுத்துப் போகிறவர்களுக்கு, உப்பு வாருபவரே இப்படிக் கூட்டிப்போய்க் காட்டி அதற்குக் கூலி பெறும் ஏற்பாடு நிச்சயம் வேண்டும்.

கெராந்த் நகரம் உள்ளே தள்ளி ஒரு மேட்டில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் கோட்டை மதில் முழுமையாக நிற்கிறது, நான்கு வாசல்கள். பிரெஞ்சு மன்னர்கள் வசூலித்த கபெல் என்னும் உப்பு வரியிலிருந்து, கெராந்த் அடங்கிய பிரெத்தாஞ் பகுதிக்கு விதிவிலக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் மலிவு, அந்தப் பக்கம் கொள்ளை விலை என்பதால் உப்புக் கடத்தல் பெருகியது; பிடிபட்டவர்களைத் துடுப்புக் கப்பலுக்கு அனுப்பினார்கள். புரட்சியின்போது 1790இல் வரி ஒழிந்தது, நெப்போலியன் 1806இல் திரும்பக் கொண்டுவந்தார், முடிவாக ஒழிந்தது 1945இல். இந்தியாவில் உப்பு வரி நீங்கியது 1947. வேதாரண்யத்துக்கு 1930இல் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த இரண்டாண்டு இடைவெளி வியப்பாகவே இருக்கும்.

தெற்கு பிரான்சில், நீம் நகரிலிருந்து சிறு ரயிலில் போகக்கூடிய எக்-மோர்த் வேறு மாதிரி. இங்கே உப்பு எடுப்பது ஒரு பெரிய நிறுவனம், வாருவது இயந்திரம், குவியல்கள் குன்றுபோல் உயரம். கோடையில் பாத்தி நீர் ரோஜா நிறமாகிறது. உப்பு மிகுந்த நீரில் மட்டும் வாழும் துனாலியெல்லா என்ற நுண்பாசி தரும் நிறம் அது. அந்தப் பாசியைத் தின்னும் சிற்றிறால்களைத் தின்று பூநாரைகளும் சிவக்கின்றன. கழுவெளியிலும் பூநாரைகள் வந்து இறங்குவதுண்டு; 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். எக்-மோர்த்தின் மதில்மேல் நடந்தபடியே இந்த ரோஜாப் பரப்பைப் பார்க்கலாம். ஒன்பதாம் லூயி மன்னன் 1248இல் சிலுவைப் போருக்குக் கப்பலேறிய துறை இதுதான். இன்னொரு நாளையும் இந்த ஊர் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது: 1893 ஆகஸ்ட் 17. உப்பு வாரக் கூலிக்கு வந்த இத்தாலியத் தொழிலாளர்களைக் கும்பல் துரத்தித் துரத்தி அடித்தது. அரசுக் கணக்கில் இறந்தவர் 8 பேர். வழக்கில் ஒருவரும் தண்டனை பெறவில்லை. பிழைப்புக்குப் போன இடத்தில் அடிபட்டவர்களின் கதை தமிழருக்கு அந்நியமில்லை.

அங்கிருந்து ஆஸ்திரியாவுக்கு விமானத்தில் மியூனிக் போய், ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் சால்ஸ்பர்க் சேரலாம். பெயரின் பொருள் உப்புக் கோட்டை. நகரின் நடுவே ஓடும் ஆறு சால்சாக், அதிலும் உப்புதான். நம் பக்கத்தில் உப்புவேலூர் இருப்பதைப்போல் அங்கே ஊருக்கு ஊர் உப்பின் பெயர். மொசார்ட் 1756இல் பிறந்த மஞ்சள் வீட்டையும் மலைமேல் 1077இல் தொடங்கிய கோட்டையையும் பார்க்கக் கூட்டம் முண்டுகிறது. அந்தக் கோட்டையையும் மாதா கோயில்களையும் கட்டிய பேராயர்களின் பணம் பக்கத்து ஹாலைன் மலையின் உப்பிலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தில் 1989இல் உப்பு எடுப்பதை நிறுத்தினார்கள், பார்வையாளருக்குத் திறந்தே இருக்கிறது. வெள்ளை மேலுடை மாட்டிக்கொண்டு, சுரங்கத் தொழிலாளர் இறங்கிய மரச் சறுக்கில் சறுக்கி இறங்குவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சுரங்கத்தின் ஒரு பகுதி ஜெர்மனியின் எல்லைக்குக் கீழே போகிறது. மண்ணுக்குள்ளேயே நாடு மாறுகிறது.

அடுத்த உப்பு ஊரான ஹால்ஸ்டாட்டுக்கு ரயிலில் போய் இறங்கினால் ஊர் ஏரிக்கு அக்கரையில் இருக்கும். ரயில் வரும் நேரத்துக்குப் படகு காத்திருந்து ஏற்றிக்கொள்கிறது. செங்குத்தான மலைக்கும் ஏரிக்கும் இடையே ஒட்டிவைத்தாற்போல் மரவீடுகள். ஊரில் 800 பேர்கூட இல்லை, கோடை நாளில் வந்து குவிவோர் பத்தாயிரம். 2023இல் ஊர்க்காரர்களே கூட்டத்தைக் குறைக்கச் சொல்லிச் சாலையில் இறங்கினார்கள். பகல் பேருந்துகள் கிளம்பியபின் ஊர் அடங்கிவிடும். ஓர் இரவாவது தங்கினால்தான் ஏரியைப் பார்க்க முடியும்.

ஊருக்கு மேலே இருக்கும் சுரங்கத்தில் மூவாயிரம் ஆண்டுக்கும் முன்பே உப்பு வெட்டினார்கள். அங்கே எட்டு மீட்டர் நீளத்தில் ஒரு மரப்படிக்கட்டு கிடைத்திருக்கிறது. மரத்தின் வளைய ரேகைகளை எண்ணி, மரம் வெட்டிய ஆண்டு கி.மு. 1344 என்று சொல்கிறார்கள். அகலமான படி, ஆள் பக்கத்தில் ஆள் ஏறலாம். உப்பு எதையும் அழுகவிடாது என்பதால் மரம் மட்டுமல்ல, உப்புச் சுமந்த தோல் பைகள், துணிக் கந்தல், கயிறு எல்லாம் அப்படியே இருக்கின்றன. தொழிலாளர் விட்டுப்போன மலத்தை ஆராய்ந்து, நீலப்பூஞ்சைப் பாலாடைக்கட்டியும் பீரும் அவர்கள் உணவில் இருந்ததை 2021இல் வெளியிட்டார்கள். உப்பில் புதைந்து கெடாத உடல் ஒன்று 1734இல் கிடைத்தது. அந்நாளில் அதன் அருமை தெரியாமல் புதைத்துவிட்டார்கள். 1846இல் ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி தோண்டத் தொடங்கிய கல்லறைகளால், ஐரோப்பாவின் முதல் இரும்புக் காலத்துக்கே ஹால்ஸ்டாட் என்று பெயர் விழுந்தது.

நம் கரை உப்புக்கும் பழமை உண்டு. எயிற்பட்டினம் என்று சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஊர் மரக்காணமாக இருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. அந்த நூலில் உப்பு வணிகரான உமணர் வண்டி வண்டியாகப் போகிறார்கள். கூடவே வந்த மந்தி அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை வைத்து விளையாடுகிறது. ஹால்ஸ்டாட்டுக்குக் கிடைத்தவை மரமும் தோலும். நமக்கு உமணர் வீட்டுப் பிள்ளையின் விளையாட்டே கிடைத்திருக்கிறது. கடற்கரை மண்ணில் மரம் தங்காது, விளையாட்டு பாட்டில் தங்கியிருக்கிறது.

ஹால்ஸ்டாட்டிலிருந்து எபென்சே வரை 40 கிலோமீட்டருக்கு உப்புநீர்க் குழாய் ஒன்று போகிறது. 1595இல் தொடங்கி 1607இல் முடித்தார்கள். 13,000 மரங்களைக் குடைந்து முனைக்கு முனை கோத்தார்கள். காட்டில் விறகு தீர்ந்ததால் உப்புநீரை விறகு இருக்கும் ஊருக்கு அனுப்பிக் காய்ச்சினார்கள். வெயில் காய்ச்சித் தரும் மரக்காணத்தில் விறகுக்குச் செலவே இல்லை என்பது இங்கே நின்று யோசிக்கும்போதுதான் உறைக்கிறது. குழாயை ஒட்டிய நடைபாதையில் இன்றும் போகலாம். வயதானவர்களும் நடக்கக்கூடிய வழி.

வியன்னா வழியாக ரயிலில் ஏறக்குறைய ஒரு பகல் போனால் போலந்தின் கிராக்கோவ். இங்கே யூரோ செல்லாது, ஸ்லோட்டி மாற்ற வேண்டும். வியலிச்கா சுரங்கம் அங்கிருந்து 14 கிலோமீட்டர். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 1996 வரை உப்பு வெட்டினார்கள். ஆழம் 327 மீட்டர். யுனெஸ்கோ 1978இல் வெளியிட்ட முதல் பாரம்பரியப் பட்டியலிலேயே இதன் பெயர் உண்டு. தொடக்கத்திலேயே மரப்படிக்கட்டு, சுற்றிச் சுற்றி ஏறக்குறைய 380 படிகள் இறங்க வேண்டும். முழுச் சுற்றிலும் சேர்த்து 800 படிகள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கூட்டிப் போவது நல்லது. திரும்பி ஏற மின்தூக்கி இருக்கிறது. வெளியே என்ன வெயிலானாலும் உள்ளே 18 பாகைக்கு மேல் போகாது.

உப்புப்பாறை அங்கே வெண்மையில்லை, கருஞ்சாம்பல். பளிங்குபோல் மினுங்கும் சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால்தான் உப்பென்று நம்ப முடிகிறது. 101 மீட்டர் ஆழத்தில் புனித கிங்காவின் பெயரில் ஒரு தேவாலயம்: 54 மீட்டர் நீளம், 12 மீட்டர் உயரம். 1896இல் சுரங்கத் தொழிலாளர்களே செதுக்கத் தொடங்கி, எழுபது ஆண்டு போல வேலை நடந்தது. பீடம், படிகள், சுவரில் இயேசுவின் கடைசி விருந்து, தரையில் எண்கோணக் கல் விரித்தாற்போன்ற வெட்டு, கூரையிலிருந்து தொங்கும் சரவிளக்கின் மணிகள் வரை அத்தனையும் உப்பு. பகலெல்லாம் உப்பு வெட்டிய கை, வேலை முடிந்தபின் அதே உப்பில் தெய்வத்தைச் செதுக்கியிருக்கிறது. இந்தப் பயணத்தில் நீண்ட நேரம் நிற்க வைக்கும் இடம் இதுவே. வியலிச்காவுக்குள் ஊறும் நீரை இன்றும் இறைத்தாக வேண்டும், இல்லையென்றால் சுவரெல்லாம் கரைந்துவிடும். இறைத்த நீரைக் காய்ச்சினால் அதிலும் உப்பு கிடைக்கிறது.

கிராக்கோவிலிருந்து சென்னைக்கு வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறித் திரும்பலாம். கெராந்தின் சாம்பல் உப்பைப் பொட்டலமாக வீட்டுக்குக் கொண்டுவரலாம். இந்தியாவில் நேரடி உணவுக்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். கெராந்த் உப்பில் அது சேர்ப்பதில்லை. எனவே அன்றாடச் சமையலுக்கு வீட்டு உப்பே சரி. செப்டம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறவர்களுக்கு மரக்காணத்தில் பருவம் முடியும் காட்சி காத்திருக்கும். வடகிழக்கு மழை வருமுன் குவியல்களைப் பனையோலையாலும் தார்ப்பாயாலும் மூடிக்கொண்டிருப்பார்கள். மழை மூன்று மாதமும் பாத்தியில் வேலை இருக்காது. அந்த நாட்களுக்கென்று அரசு ஒவ்வோர் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கும் 5,000 ரூபாய் தருகிறது. பொங்கல் கழிந்ததும் பாத்தி மிதித்துத் தரையை இறுக்கி, மறுபடி நீர் விடுவார்கள்.